எலிக்குச் சுகமான வருத்தம்

சனிக்கிழமை காலைகளில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டு கைகளாலும் ஒரு பொட்டலத்தைப் பிடித்திருப்பார். பழைய பத்திரிகைத் தாளில் இறுக்கிச் சுற்றி, சீலைப் பைக்குள் வைத்த பொட்டலம். வெயில் ஏறிய நாட்களில் தாளையும் பையையும் தாண்டி எண்ணெய் ஊறி, அவருடைய சாரனில் ஒரு வட்டம் விழுந்திருக்கும். கல்முனையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர் ஒதுக்கிக் கொடுக்கும் கொழுப்பு அது. பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தால், கேட்காமலே விளக்கம் சொல்வாராம்: "எலிக்குக் கொண்டு போறன்." அதற்குப் பிறகு அந்த இருக்கை முழுவதும் அவருக்குத்தான். இதை எங்களிடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக நடந்ததுபோலச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சிரிப்போம்.

நான் அவரைக் காக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் கரையில் மூத்த சகோதரனைக் கூப்பிடும் சொல். வெளியூர் வாசகர்கள் பறவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர், கொஞ்சம் தொந்தி, கல்முனைக்குடியில் வீடு. பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போய்விட்டதால் வீட்டில் மனைவியும் அவரும் மட்டும். நான் சாய்ந்தமருதிலிருந்து மேற்படிப்புக்காக அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். ஆய்வுக்கூடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் நான்கு பேர் போன் எடுத்து, நீ எழுதியதில் இன்ன இன்ன பிழை என்று பட்டியல் போடுவார்கள்; எனக்கு அதற்குப் பொறுமை கிடையாது.

என் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலிகளுக்குக் கொழுப்பும் சீனியும் கலந்த தீனி கொடுத்து, அவற்றின் ஈரலில் கொழுப்புப் படிய வைப்பது. பிறகு, சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவு நோயாளருக்கு, ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு மருந்தை அந்த எலிகளுக்குக் கொடுத்து, ஈரல் தேறுகிறதா என்று பார்ப்பது. சாப்பாட்டால் வரும் ஒரு வருத்தத்தை நாங்களே உண்டாக்கி, நாங்களே மருந்தும் கொடுக்கிறோம். என் உம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது அவர், "உனக்கு வேற வேல கிடைக்கல்லியா மகள்?" என்று கேட்டார்.

முதலில் பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து தயார் தீனி எடுப்பிக்கத்தான் நினைத்தார். உலகத்தில் பல ஆய்வுக்கூடங்களில் பாவிக்கும் தீனி. அதன் விபரத்தாளை நான் வாசித்துக் காட்டியபோது, உள்ளே இருப்பது பன்றிக் கொழுப்பு என்று தெரிந்தது. எனக்கு அது வெறும் தகவலாகத்தான் பட்டது. கையுறை போட்டுக்கொண்டால் முடிந்தது என்று நினைத்தேன். எலிக் கூடுகளைக் கழுவிக்கொண்டிருந்த காக்கா தண்ணீர்க் குழாயை மூடினார். பேராசிரியருக்கு முன்னால் வந்து நின்று, மிகவும் மரியாதையாக, "சேர், எலி எத வேணுமெண்டாலும் திங்கட்டும், அதுக்குக் கேள்வி கணக்கில்ல. ஆனா நான் அத அள்ளிப் போடமாட்டன்" என்றார். பேராசிரியர் எங்கள் சமயத்தவர் அல்லர், ஆனால் பிறர் சொல்வதைக் கேட்கிற மனிதர். அப்படியானால் என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டார். "மாட்டுக் கொழுப்பு கொண்டு வாறன் சேர். எங்கட ஆக்கள் எல்லாம் அதத் திண்டுதானே இப்பிடி ஊதிப்போய் இருக்காங்க, எலி ஊதாதா?" என்றார் காக்கா. பேராசிரியர் சிரித்தார். எங்கள் ஆய்வுக் கட்டுரையில் 'உள்ளூர்ச் சந்தையில் பெறப்பட்ட மாட்டுக் கொழுப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி காக்காவுடையது.

அதன் பிறகு சனிக்கிழமை என்றால் கொழுப்பு உருக்கும் நாள். ஆய்வுக்கூடத்தின் பின்புறம், மதிலோரத்தில் காஸ் அடுப்பை வைத்து, பெரிய அலுமினியச் சட்டியில் கொழுப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக் கிளறுவார். உருகியதை வடித்து ஆறவைத்து, இடித்த சாதாரண எலித் தீனி, சீனி, முட்டை மஞ்சட்கரு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தாச்சியில் போட்டுக் கையால் பிசைவார். நான் நிறுத்துக் கொடுப்பேன். அவர் பிசைந்து உருட்டிக் கொழுக்கட்டைபோல் தட்டில் அடுக்குவார். எலிகளை நான்கு கூட்டமாகப் பிரித்திருந்தோம். எது எந்தக் கூட்டம் என்று தெரிய வாலில் மை பூசுவோம். நீல வால் எலிகளுக்கு எப்போதும் சாதாரணத் தீனி. சிவப்பு வாலுக்கு எப்போதும் கொழுப்புத் தீனி. பச்சை வாலுக்குக் கொழுப்புத் தீனியோடு மருந்து. மஞ்சள் வாலுக்குக் கொஞ்சக் காலம் கொழுப்புத் தீனி, பிறகு மருந்து எதுவும் இல்லாமல் பழையபடி சாதாரணத் தீனி. எலி நக்கி நக்கி மையை அழித்துவிடும் என்பதால் மூன்று நாளுக்கொரு தடவை காக்கா எல்லா வால்களுக்கும் புதிதாகப் பூசுவார். பெருநாளைக்குப் பெண் பிள்ளைகளுக்கு மருதோன்றி போடுகிற பொறுமை அவரிடம் இருந்தது.

மருந்தைச் சின்னக் குழாயால் எலியின் தொண்டைக்குள் நேராக விட வேண்டும். நான் செய்தால் எலி கடிக்கும். என் விரலில் இன்றைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. அவர் பிடித்தால் எலி அசையாது. "பிஸ்மில்லாஹ், வாயத் தொறங்க வாப்பா" என்பார். எலிக்கு அவ்வளவு மரியாதை. எனக்கோ "மிஸ், மெதுவா, அது என்ன தண்ணிக் குழாயா?" என்று அதட்டல். அந்த மாதங்களில் நான் என் வீட்டாருடன் கதைத்ததைவிட அவரோடு கதைத்தது கூட. கலியாணம் பேசி வந்தவர்களைப் பற்றி, பேராசிரியர் திருத்திய அத்தியாயங்களைப் பற்றி, என் பயங்களைப் பற்றி எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று யோசித்தால், பஸ் கதையைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. அவர் சொல்லவில்லையா, நான் கேட்கவில்லையா என்று இப்போது யாரிடம் கேட்பது?

முதல் தொகுதி எலிகளை அறுத்துப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நீல வால் எலியின் ஈரல் கருஞ்சிவப்பாக, ஓரங்கள் கூராக, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. சிவப்பு வால் எலியின் ஈரல் வெளிறி, வீங்கி, தொட்டால் விரல் வழுக்கியது. அதில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாங்கள் செய்த தீனி வேலை செய்திருக்கிறது! "காக்கா, வந்து பாருங்க" என்று சத்தம் போட்டேன். அவர் வந்து கண்ணாடிக் கிண்ணத்துக்கு மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது குடிக்கிற ஆக்கள்ர ஈரல் மாதிரியெல்லோ மிஸ்?"

"ஓம் காக்கா, பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனா எலி எங்க குடிச்சது?"

"அப்ப குடிக்காத மனுசனுக்கும் இது வருமா?"

நான் அன்று அவருக்குக் குறைந்தது கால் மணித்தியாலம் விரிவுரை நடத்தியிருப்பேன். எண்ணெய், சீனி, உடம்பை அசைக்காத வாழ்க்கை, இந்தக் காலத்தில் குடிக்காதவர்களுக்குத்தான் எவ்வளவு பேருக்கு இது வருகிறது, கவனிக்காமல் விட்டால் ஈரல் எப்படி இறுகிப்போகும். கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் முடித்ததும் அவர், "நீங்க சொல்றது சரி மிஸ். ஆனா ஈரல்ல வருத்தமெண்டு வெளியில சொன்னா, எங்கட ஊர்ல ஆர் இத நம்புவாங்க?" என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்த எலியை எடுத்தேன்.

அடுத்த சில வாரங்களில் மஞ்சள் வால் எலிகளின் முறை வந்தது. அதற்குள் பச்சை வால் எலிகளைப் பார்த்திருந்தோம். மருந்து ஓரளவு உதவியிருந்தது, அவ்வளவுதான். கொழுப்பைத் தின்றுகொண்டே மருந்தையும் குடித்தால் மருந்து பாவம் என்னதான் செய்யும்? ஆனால் மஞ்சள் வால் எலிகளின் ஈரல் ஏறக்குறைய நீல வால் எலிகளுடையதைப்போலவே திரும்பியிருந்தது. மருந்து ஒரு துளியும் கொடுக்காமல், தீனியை மாற்றியதால் மட்டும். காக்கா அன்று என்னைக் கேட்ட கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்: "சாப்பாட்ட மாத்தினா ஈரல் திரும்பி வரும், அப்பிடித்தானே மிஸ்?" நான் சொன்ன பதிலும் எனக்கு மறக்கவில்லை. "எலிக்கு வரும் காக்கா" என்றேன். இறுகிப்போகும் முன்னால் பிடித்தால்தான் வரும் என்று ஒரு வசனம் கூடச் சொல்லியிருக்கலாம். மனிதர் என்றால் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவர் எலியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு காக்காவின் சாப்பாடு மாறியது. சவளக்கடை வயல் நெல்லைக் குத்திய சிவப்பரிசிச் சோறு ஒரு பிடி, அவித்த கீரை, எண்ணெய் காணாத மீன். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. நாங்கள் கொத்து ரொட்டி வாங்கினால் ஒரு வாய்கூடத் தொட மாட்டார். அந்த வருட நோன்பு திறக்கும் நேரங்களில் சமோசாவும் ரோல்ஸும் வட்டிலப்பமும் மேசை நிறைய இருக்க, அவர் ஈத்தம்பழம் ஒன்றோடும் வெறுங்கஞ்சியோடும் எழுந்துவிடுவார். "என்ன காக்கா, ரெண்டாவது மாப்பிள்ளையாகப் போறீங்களா?" என்று கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "மெலிஞ்சா நல்லந்தானே மிஸ்" என்றார். மெலிந்துதான் போனார். முகம் ஒட்டி, தொந்தி மட்டும் அப்படியே இருந்தது. ஈரலைப் பற்றி முழு ஆய்வேடே எழுதிக்கொண்டிருந்த எனக்கு, முகம் ஒட்டிய மனிதனுக்கு வயிறு மட்டும் ஏன் குறையவில்லை, உள்ளே நீர் கட்டியிருக்குமோ என்று ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஆய்வு முடிந்து நான் தூரத்து ஊர் ஒன்றுக்கு வேலைக்குப் போனேன். விடைபெறும் நாளில் அவருடைய செருப்பு வார் அறுந்ததுபோல் விலகியிருப்பதைப் பார்த்து, "கால் வீங்கியிருக்கே காக்கா" என்றேன். "நிண்டு நிண்டு வேல செய்றதானே" என்றார். பிறகு முதல் தடவையாக மிஸ் என்று சொல்லாமல், "போய்ட்டு வாங்க தங்கச்சி" என்றார். ஒன்றரை வருடம் கழிய, ஒரு வெள்ளிக்கிழமை, பழைய ஆய்வுக்கூட நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் மவுத்தான செய்தி வந்தது. ஈரல் பழுதாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், அவரும் நல்லவர்தான், "காக்காவா? அவர் குடிப்பாரா?" என்று எழுதியிருந்தார். நான் போனைக் குப்புற வைத்துவிட்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் எலித் தீனி முத்திரையிட்ட பைகளில் வருகிறது. உள்ளே என்ன கொழுப்பு என்று யாரும் கேட்பதில்லை. குழாயால் மருந்து விடுகிற பெண் மிகவும் கெட்டிக்காரி, எலியோடு கதைப்பதில்லை. சனிக்கிழமைகளில் எனக்கு அந்த மனிதரைக் காண வேண்டும்போல் இருக்கிறது. அவர் பஸ் கதையைத் திரும்பவும் சொல்ல வேண்டும், நான் என் அளப்பை எல்லாம் நிறுத்திவிட்டு, உங்களுக்கு என்ன செய்கிறது காக்கா என்று ஒரேயொரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசையில்லை. அவரை அடக்கிய நாளில் மையித்து வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. ஒரு மாதம் கழித்து லீவில் ஊருக்கு வந்தபோதுதான் கல்முனைக்குடிக்குப் போனேன்.

அவருடைய மனைவி இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் முன் வராமல் இருக்கும் காலம் அது. பெண்ணாக இருந்ததால் என்னை அறைக்குள் கூட்டிப் போனார்கள். லுஹர் தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சீலை. அதற்கு முன்னால் இரண்டு தடவைதான் அவரைக் கண்டிருந்தேன். ஆனாலும் என் கையைப் பிடித்து நெடுநேரம் விடவில்லை. கூட இருந்த பெண்கள் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனதும், கதவைச் சாத்தச் சொன்னார். அலுமாரியில் சாரன்களுக்கு அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துத் தந்தார். அக்கரைப்பற்றில் ஒரு தனியார் இடத்தில் காக்கா எடுத்த வயிற்று ஸ்கேன் அறிக்கை. கல்முனையில் எடுத்தால் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று அவ்வளவு தூரம் போயிருக்கிறார். ஈரலில் கொழுப்பு, ஈரல் இறுகத் தொடங்கிய அடையாளம், உடனே வைத்தியரிடம் காட்டவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தேதியைப் பார்த்தேன். நாங்கள் முதல் எலியை அறுத்த மாதத்துக்கு முந்திய மாதம்.

"சீனி வருத்தம், வேற ஒண்டுமில்ல எண்டுதான் எனக்குச் சொன்ன. டொக்டர்ட்டப் போவம் எண்டா ஏசுவார். கீரையும் வெறுஞ்சோறும் தா, எங்கட எலியும் இதத்தான் திங்கி, எலிக்குச் சுகமாகிட்டு எண்டுவார். நானும் நம்பிட்டன் புள்ள" என்றார். கடைசியில் இரத்தமாக வாந்தி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே டொக்டர் வழமையாக எல்லா ஈரல் நோயாளிகளிடமும் கேட்பதைக் கேட்டிருக்கிறார், குடிக்கிற பழக்கம் உண்டா என்று. இல்லை என்று காக்கா சொல்லியிருக்கிறார். ஆனால் எதிர்க் கட்டிலில் இதே தெருக்காரர் ஒருவர் படுத்திருந்தார். கேள்வி மட்டும் அவரோடு ஊருக்கு வந்து சேர்ந்தது.

காக்காவின் மனைவி என் பக்கம் இன்னும் நெருங்கி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க இதப் படிச்ச புள்ள. அவரோட ஒண்டா வேல செஞ்ச புள்ள. அல்லாஹ்வுக்காக உண்மையச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம அவர் குடிச்சாரா?"

"இல்ல மதினி. அவர் குடிக்கல்ல. எங்கட எலிகளுக்கும் இதே வருத்தம் வந்த. அவர் தன்ட கையால பிசைஞ்ச தீனியத் தவிர அதுகள் ஒண்டும் வாயில வைக்கல்ல."

அவர் தலையை ஆட்டினார். நம்பியதுபோல் இல்லை. ஏதோ ஒன்று இன்னும் மிச்சம் இருந்தது.

"அப்ப அந்த மணம்?"

"என்ன மணம் மதினி?"

"கடைசி நாளைல அவர்ர வாயில ஒரு இனிச்ச மணம் வந்த புள்ள. பழம் புளிச்ச மாதிரி. அசறு தொழுதிட்டு அப்பிடியே கண்ணயர்ந்து கிடப்பார், நான் கிட்டப் போய்க் குனிஞ்சு மணந்து பாத்தன். ஒரு நாளில்ல, எத்தனையோ நாள்."

எனக்கு அந்த மணத்தைத் தெரியும். ஈரல் தன் வேலையை நிறுத்தும்போது, அது வடிகட்டாமல் விட்ட கழிவு மூச்சில் வரும். பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பந்தி இருக்கிறது. சொன்னால் காக்காவின் பெயர் சுத்தமாகிவிடும். சொன்னால் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதும் எனக்கு விளங்கியது. அவர் என் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அது குடியின் மணம் இல்லை மதினி, வருத்தத்தின் மணம், ஈரல் முடிந்துபோகிற நேரம் குழந்தைக்கு வந்தாலும் அப்படித்தான் மணக்கும் என்று சொன்னேன்.

அவர் என் கையை விட்டார். வெளியே கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது. பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓர் ஓலையை விரலால் அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் அவரோட கதைக்கிறத நிப்பாட்டிட்டன் புள்ள" என்றார். "சோத்த வச்சிட்டு எழும்பிப் போயிருவன். ரெண்டு மூணு தரம், இரி, ஒரு கத கதைக்கணும் எண்டு கூப்பிட்ட. வேல கிடக்கு எண்டு சொல்லிட்டுப் போயிட்டன்."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"என்னத்தக் கதைக்கக் கூப்பிட்டிருப்பார், புள்ள?"